இளையாளுக்கு ஜீவனாம்சம்

ஊர் கூப்பிட்டால் முதல் குரலுக்கும், நான் கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்கும் திரும்பிப் பார்க்கிற என் பிரியமானவருக்கு,

என்னங்க, இப்போதாவது காதில் விழுகிறதா?

ஐப்பசி அடைமழையில் போனீர்கள். இப்போது மாசி பிறந்துவிட்டது. சம்பா அறுத்தாயிற்று. மெஷின் வந்து ஒரே பகலில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. வடக்கு வயலில் உளுந்து விதைத்திருக்கிறேன். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான். கார்த்தி சிங்கப்பூரிலிருந்து தினமும் போன் பண்ணுகிறான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று உங்களைப் போலவே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவளைப் பற்றிப் பேச வேண்டும். யார் என்று கேட்காதீர்கள். கோடியக்கரைப் பக்கத்துக் கழிமுகத்தில், ஒரு சின்னப் படகுத்துறையில், ஒன்பது வருஷம் வாடகை கொடுத்து வைத்திருந்தீர்களே, அந்தப் படகைத்தான் சொல்கிறேன். அவளுக்கு விலை பேசிவிட்டேன். கொஞ்சம் பொறுங்கள், முழுசாகக் கேளுங்கள்.

ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடப் போன மனிதர், தலை துவட்டுவதற்குள் ஒரு பழைய பைபர் படகுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்றீர்கள். நெல் போடுகிற குடும்பத்தில் எவனாவது படகு வாங்குவானா? மீன் பிடிக்கவா? உங்களுக்கு மீன் முள்ளே ஆகாது. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றீர்கள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் எனக்குச் சும்மா என்று நீங்கள் ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை.

வாங்கினால் மட்டும் போதுமா? அவளுக்குத் துறையில் இடத்துக்கு வாடகை. பார்த்துக்கொள்ள செல்லையாவுக்குச் சம்பளம். கயிறு உப்பில் இற்றுப் போகும், வருஷத்துக்கு ஒரு புதுக் கயிறு. வெயிலுக்குத் தார்ப்பாய். ஓடினாலும் ஓடாவிட்டாலும் என்ஜினுக்கு சர்வீஸ். துறைக் கோயில் திருவிழாவுக்கு வரி. பொங்கலுக்கு முன்னால் மேடேற்றி, சுரண்டி, மயில் நீலத்தில் பெயின்ட். ஒரு மா நிலத்துக் குறுவையை வருஷா வருஷம் அவள் ஒருத்தி தின்றாள். நம் வீட்டுச் சுவரில் கார்த்தி ஆறாம் வகுப்பில் கிறுக்கிய கணக்கு இன்னும் அழியாமல் இருக்கிறது. அவளுக்கு மட்டும் வருஷம் ஒரு புதுச் சேலை!

முதல் மாதம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மாட்டைக் கட்டுகிற மாதிரி குட்டைக் கயிற்றில், முளைக்குச்சியில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தீர்கள். வாய்க்கால் தண்ணீரை மட்டுமே பார்த்து வளர்ந்தவருக்கு, ஒரே நாளில் ஏறி இறங்குகிற தண்ணீர் எங்கே தெரியும்? கடல் ஏற்றத்தில் தண்ணீர் உயர்ந்தது, கயிறு விடவில்லை, அவள் மூக்கு குப்புற உள்ளே போனாள். என்ஜின் முழுக்க உப்புத் தண்ணீர். துறையே கூடிச் சிரித்ததாம். அன்றைக்குத்தான் செல்லையா வந்து சேர்ந்தார். "படகுக்குக் கயித்தை வுட்டுப் புடிக்கணும் ஐயா, அது என்ன உழவு மாடா?" என்று கேட்டாராம். உங்களையும் நான் குட்டைக் கயிற்றில்தான் கட்டிவைத்தேன் என்று சொல்ல வருகிறீர்களா? வேண்டாம். நான் ரிட்டயர்டு டீச்சர், எனக்கும் பதில் சொல்லத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். ஒரு தடவை நானும் வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். "அந்தத் துறையில பொம்பளைங்க படகுல ஏறக் கூடாதும்மா. அது அவங்க மொற. அதை மதிச்சாத்தான் நமக்கு எடம்" என்றீர்கள். நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டேன். அவளை வைத்துக் காப்பாற்ற ஆன செலவில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான். பணத்தைப் பற்றி நான் கத்தியதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அதை நீங்கள் ஒருநாளாவது கண்டுபிடித்தீர்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை கடைசியில் செல்லையா போன் பண்ணினார். பெயின்ட் அடிக்கவில்லை, வாடகை முடிகிறது, என்ன செய்யட்டும் என்றார். கார்த்தியிடம் சொன்னேன். "வித்துடும்மா. யாரு போயி அதைப் பாத்துக்கிட்டு இருக்கறது?" என்றான். கும்பகோணத்தில் ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவரை அவனே பிடித்தும் கொடுத்தான். அந்த ஆள் படகைத் தண்ணீரில் விடப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் நிறுத்தி, உள்ளே ஐஸ்கட்டி கொட்டி, வெள்ளரிக்காயும் தர்ப்பூசணியும் அடுக்கிவைப்பாராம். ஒரு ஓரத்தில் ஐஸ்கிரீம். வருகிறவர்கள் தட்டோடு சுற்றி நின்று எடுத்துக்கொள்வார்களாம்.

என்னங்க, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வாயெல்லாம் பல். உங்கள் ராணி வயிற்றில் வெள்ளரிக்காயோடு ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் நிற்கப் போகிறாள் என்று நினைக்க நினைக்க அன்றைக்கு ராத்திரி ஒரு தோசை கூடவே சாப்பிட்டேன். முன்பணத்தையும் வாங்கிக்கொண்டேன். லாரி ஏற்றுகிற அன்று நேரில் போய் வழியனுப்ப வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

போன வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். லாரி வரவில்லை. அவளை இழுத்துக் கரையில் ஏற்றிவைத்திருந்தார்கள். நீலம் வெளுத்து, அடியெல்லாம் சிப்பி ஒட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குப் பரம திருப்தி.

செல்லையா ஓடிவந்தார். "வாங்கம்மா, வாங்க. டேய், அம்மா வந்துருக்காங்க பாருங்கடா" என்று கத்தினார். வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிரிப்பு, தெரிந்தவர்களைப் பார்க்கிற சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் ஒருவர் கேட்டார்: "அம்மா, ரெண்டு பேரும் வண்டியோட வாய்க்கால்ல வுழுந்து எந்திரிச்சதும், ஐயாவுக்கு அடிபட்டுச்சான்னு பாக்காம, 'வெதை நனைஞ்சிருச்சா'ன்னு கேட்டீங்களாமே?"

அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த கதை. அன்றைக்கு நீங்கள் சிரிக்கவே இல்லையே! பேசாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, சேற்றைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டீர்கள். கோபமாக்கும் என்று நான் இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

"ஐயா அதைச் சொல்லுறப்ப அவுருக்கே கண்ணுல தண்ணி வந்துரும், அப்புடிச் சிரிப்பாரு" என்றார் செல்லையா. "உங்க பேச்சுத்தாம்மா எப்பவும். டீச்சரம்மா இப்புடி மொறைச்சாங்க, அப்புடித் திட்டுனாங்கன்னு நடிச்சே காட்டுவாரு."

"படகை எடுத்துக்கிட்டு எங்க போவாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மா போவாரு? என்ஜின் போட்டா சத்தத்துல பேச முடியாதும்பாரு. கட்டுன படகுல ஏறி உக்காந்துக்குவாரு. நாங்க கரையில வலை பாத்துக்கிட்டே கேப்போம். பொழுது சாயிற வரைக்கும் பேச்சுதான்."

வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். அதில் இரண்டு "சோறு போடு". நான் எத்தனை நாள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன்! என் கதையையே எடுத்துக்கொண்டு போய், என்னிடம் சிரிக்காத சிரிப்பையெல்லாம் இந்த ஆட்களிடம் கொட்டியிருக்கிறீர்கள். அவளிடம் மட்டும்தான் இத்தனை நாள் எனக்குப் பொறாமை. அன்றைக்கு அந்தத் துறை முழுக்க, வலையிலிருந்து காக்கை வரைக்கும் எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. வயிறு எரிந்தது என்றே எழுதுகிறேன்.

நான் அவளையே முறைத்துக்கொண்டு நின்றேன். முன்பக்கத்தில், மற்றப் படகுகளில் எல்லாம் பெயர் எழுதியிருக்கிற இடத்தில், இவளுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை வெறுமனே இருந்தது. ஏன் பெயர் இல்லை என்று கேட்டேன்.

"அதுவாம்மா? வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கறப்ப நான் கேப்பேன். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்யா, எடம் வுட்டு அடி'ம்பாரு. நாங்களும் எடம் வுட்டுத்தான் அடிச்சோம்."

வீட்டில் கேட்டீர்களா? எப்போது? சாப்பிடும்போது தொண்டையைச் செருமுவீர்களே, "வசந்தா" என்று ஆரம்பித்துவிட்டு, "மோர் ஊத்து" என்று முடிப்பீர்களே, அதுவா? எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து கேட்டால்தானே சொல்ல முடியும்?

"நான் இதுல ஏறலாமா?" என்று செல்லையாவைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்த முறை நினைவுக்கு வந்தது. அவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். "தண்ணியில கெடந்தாத்தாம்மா அது படகு. கரையில இருக்கையில வெறும் சாமான்தான். ஏறுங்க" என்று சொல்லி, ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் படியாகப் போட்டார்.

ஏறினேன். குறுக்குப் பலகையில் ஒரே இடத்தில் பெயின்ட் தேய்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது, அங்கே பெயின்ட் அப்படியே இருக்கிறது. எதிரே கழிமுகம், தூரத்தில் உப்பளம், நாரைகள். நம் ஊர் எந்தத் திக்கு என்று கேட்டேன். முதுகுப் பக்கம் என்று காட்டினார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் என்னைப் பற்றிப் பேச முடிந்ததா உங்களுக்கு? அங்கே வைத்து நான் அழுதேன். வலைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

லாரி வந்தது. டிரைவர் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். "எறங்குங்கம்மா, ஏத்தணும்" என்றார்.

"ஏத்த வேணாம்" என்றேன்.

"என்னம்மா சொல்றீங்க? கும்பகோணத்துல நாளன்னிக்கு முகூர்த்தம். இதுலதான் பழம் வைக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"வாழையிலையில வைக்கச் சொல்லுங்க. அதான் மரியாதை."

அவர் புலம்பிக்கொண்டே போனார். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். லாரி வாடகையும் என் தலையில். கார்த்தி போனில் குதித்தான். "அம்மா, அப்பாவுக்குத்தான் பைத்தியம்னா ஒனக்குமா?" என்றான். அவனுக்கு எப்படி விளக்குவது? அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இரண்டு பெண்டாட்டிக்காரர்கள் இருந்தார்கள் இல்லையா? அவர் கண்ணை மூடியதும், அதுவரை முகம் பார்க்காத மூத்தாளும் இளையாளும் ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும். மூத்தாள் வாயாரத் திட்டிக்கொண்டே இளையாளுக்குச் சோறு போடுவாள். ஆனால் போடாமல் இருக்க மாட்டாள். ஊரான் வீட்டு வாசலில் நிற்கவும் விட மாட்டாள். ஏனென்றால் அவரைப் பற்றிப் பேச அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால் என் பொறாமை போய்விட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது அப்படியே இருக்கிறது. முதலில் நம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன், இளம் மஞ்சள். மிச்சத்தை அவளுக்கு அடிக்கச் சொன்னேன். சுவர்ப் பெயின்ட் உப்புத் தண்ணீரில் நிற்காது என்று செல்லையா தலையில் அடித்துக்கொண்டார். சரி, படகுப் பெயின்ட்டிலேயே அதே மஞ்சளை வாங்கச் சொல்லியிருக்கிறேன். மயில் நீலம் கிடையாது. அந்த வெள்ளைப் பட்டையில் எழுத வேண்டிய பெயரையும் கொடுத்துவிட்டேன். கேட்டதும் துறையில் எல்லாரும் சிரித்தார்கள். செல்லையா மட்டும், "நெசமாவாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். "இளையாள்" என்று கொட்டை எழுத்தில், கறுப்பில் எழுதச் சொன்னேன்.

இதோ என் வாக்கு. நான் இருக்கிறவரை அவளுக்கு வாடகையும் கயிறும் நிற்காது. கயிற்றைக் குட்டையாகக் கட்ட விட மாட்டேன். தண்ணீரில் கிடக்கும்போது நான் ஏற மாட்டேன், அது அவர்கள் முறை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அவளைக் கரையில் ஏற்றும்போது புடவை மாற்றிக்கொண்டு போவேன். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டேன், பக்கத்தில் பெயின்ட் தேயாத இடத்தில் உட்காருவேன். உங்களைப் பற்றி நானும் நாலு கதை சொல்லுவேன். குட்டைக் கயிற்றுக் கதை அவர்களுக்குத் தெரியும். மற்றதெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மூத்தாள்
வசந்தா