ஆறு கடலில் சேரும் இடத்தில்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை நான், எங்கள் விடுதிச் சமையல்காரர், உங்கள் தங்கை மூவரும் டவுன் பஸ்ஸில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். காலையில் கணுக்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்து, மணல்திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசி பஸ்ஸுக்குத் திரும்பினால், கடல் பொங்கி ஆறு மார்பளவு நின்றது. கைகோத்து இறங்கினோம்.

"அண்ணி, கையை விட்டுடாதீங்க" என்றவள், செருப்பு மிதந்து போனதும் என் கையை உதறிவிட்டு அதைப் பிடிக்கப் பாய்ந்தாள். என் காலடியில் மணல் நழுவியது. மூக்கில் தண்ணீர் ஏறியபோது உங்கள் முகம்தான் தெரிந்தது. சமையல்காரர் என் கொண்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

பயப்படாதீர்கள், நன்றாக இருக்கிறேன். விடுதித் துணி துவைக்கும் தொட்டியில் கை வைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. தலைமாட்டில் வைத்துக்கொள்ள உங்கள் பழைய துண்டு ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. "செருப்பு புதுசு அண்ணி" என்று என்னிடம் அழுதவள் உங்களிடமும் அழுவாள். சமாதானம் பேச வராதீர்கள். உங்கள் தங்கையை நான் மன்னிக்க மாட்டேன்.