அப்பாவின் புளி வைத்தியம்

கரவனெல்ல,
2004 ஜூலை 11

அன்பு மகள் கிருஷ்ணகுமாரிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் சுகம் என்றுதான் தொடங்க நினைத்தேன், உன் அப்பாவோடு குடித்தனம் நடத்திக்கொண்டு அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே பாதி சுகம். ஜோர்தானில் நீயாவது முழுச் சுகத்தோடு இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன மாதம் அப்பாவுக்குத் தலை சுற்றியதால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிரஷரில் கீழ்க்கணக்கு சரி, மேல்கணக்குத்தான் நூற்றெண்பது என்றார் டாக்டர். மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டி, சிங்களத்தில் விளக்கினார். இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாய் இளமையில் இப்படித்தான் விரிந்து சுருங்குமாம், வயதானால் அந்த நார்கள் நைந்து குழாய் விறைத்துப் போகுமாம், துடிப்பெல்லாம் அதில் போய் முட்டுவதால் மேல்கணக்கு ஏறுமாம். பழையபடி ஆக்க முடியாது, உப்பைக் குறைத்து தினமும் மாத்திரை போட்டால் கைகால் இழுத்துக்கொள்ளும் பாரிசவாதம் வராமல் தப்பலாம் என்றார்.

ரப்பர் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், உன் அப்பாவே பெரிய டாக்டராகிவிட்டார். வாழ்நாளெல்லாம் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ரப்பர் பாலுக்கு அசிட் ஊற்றி உறைய வைத்தவருக்கு யார் பாடம் சொல்வது? பஸ்ஸிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: "பாலக் கட்டியாக்குறது அசிட்டு. அப்ப நரம்ப வெறைக்க வைக்கிறது புளிதான் புள்ள, இதுகூட தெரியாம மாத்திரை குடுக்குறாரு." அன்றிலிருந்து வீட்டில் புளி இல்லை, ரசம் இல்லை. புளிப்பில்லாத குழம்பு சப்பென்று இருக்கிறதாம், அதற்காகக் கூடுதலாக ஒரு பிடி உப்பு, தொட்டுக்கொள்ளக் கருவாடு. என்ன மூளை பார். பக்கத்து லய வரிசை வீட்டுக் காத்தமுத்து அண்ணன் இவர் பேச்சைக் கேட்டு எலுமிச்சை மரத்தையே வெட்டிவிட்டார். மாத்திரைகள் மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. கேலியாக எழுதுகிறேனே தவிர, அவர் கண்ணயரும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்த்தே பயந்து போனேன் மகள்.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மருந்தையாவது வாங்கலாம் என்று நான் போனேன். டாக்டர் என் கையிலும் கருவியைக் கட்டினார். எனக்கு மேல்கணக்கு அவரைவிடக் கூட என்று எனக்கும் மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். மறுநாள் காலையில் பெரிய டாக்டரே என் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்று, "முழுங்கு புள்ள, நான் பாக்கணும்" என்றார். "எதுக்கு, நானும் புளிய நிறுத்திக்கிறேன், அது போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறகு சாமி படம் நகரும் சத்தம் கேட்டது. முதலில் அவர் முழுங்கினார், பிறகு நான். பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "ரசத்துக்குக் கொஞ்சம் புளி கரைச்சிருக்கலாம்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை ஸஹாப்தீன் கடைக்குப் போன் எடு, அப்பாவும் அங்கே வந்திருப்பார். புளிக் கதை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அம்மா மாத்திரை போடுகிறாளா என்று மட்டும் அவரிடம் தவறாமல் கேள், அதற்காகவே அவரும் போடுவார். நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெள்ளையம்மா