ஒரு பாட்டில் சாங்க்ட் லாரென்ட்

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட யூனிபார்ம் சட்டை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

கப்பலில் வேலை பார்க்கும் என் நண்பன் சரவணன் லீவில் வந்துவிட்டான். சொன்னபடி பாட்டிலும் வந்துவிட்டது. சாங்க்ட் லாரென்ட். ஆஸ்திரியாவில் விளையும் கறுப்புத் திராட்சை, ஒயினுக்கும் அதே பெயர். சேலத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் எந்த கான்வென்ட் என்று கேட்பார்கள்.

11ஆம் தேதி மதியம் வீடியோவில் இன்டர்வியூ. வியன்னா பக்கம் ஒரு ஹோட்டல், ஒயின் பரிமாறும் வேலை. பாட்டிலை அவர்கள் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். முதல் வாயிலேயே சுவையைச் சொல்ல வேண்டும். அதுவரை தொடக்கூடாது. சேலம் ஹோட்டலில் பரோட்டா, சால்னா, "தம்பி, இன்னொரு ஆனியன்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இதுவும் கை நழுவினால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பாட்டில் இப்போது சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால். ஈரத் துணி சுற்றி. வீட்டில் அதுதான் குளிர்ச்சியான இடம்.

அம்மா: "என்ன சாமி அது?"
"ஒயின்ம்மா. பரீட்சைக்கு."
"செவப்பு ஒயினா?"
"ஆமா."

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 4

படித்தது:
— சா.லா. பயிர் செய்வது தலைவலி. பூக்கும் சமயம் குளிர் அடித்தால் காய் பிடிக்காது. பாதிப் பேர் கைவிட்டுவிட்டார்கள்.
— ஸ்வைகெல்ட் என்று ஒரு திராட்சை. இதன் பிள்ளை. ஆஸ்திரியா முழுக்க அதுதான் பிரபலம். பிள்ளை ஊரெல்லாம் பேர் வாங்க, பெற்றவளை விசாரிக்க ஆளில்லை.
— பெயர் ஒரு புனிதருடையது. அவர் திருநாள் ஆகஸ்டில். அந்தச் சமயம்தான் காய் கறுக்க ஆரம்பிக்குமாம்.
— சுவை: புளிப்பு செர்ரி. கொஞ்சம் ஈர மண். இனிப்பு கிடையாது என்று ஒரு இடத்தில். "கனிந்த இனிய பழம்" என்று இன்னொரு இடத்தில். எதை நம்புவது?

செர்ரி என்று நான் தின்றதெல்லாம் பேக்கரி கேக் மேல் இருப்பது. அது செர்ரியே இல்லையாம். களாக்காயைச் சாயம் போட்டுப் பாகில் ஊறவைத்தது. இத்தனை வருஷம் களாக்காயைத் தின்றுவிட்டு செர்ரி என்று பெருமைப்பட்டிருக்கிறேன். கோபம் கோபமாக வருகிறது.

ஆகஸ்ட் 5

பழகுவதற்காவது ஏதோ ஒரு சிவப்பு ஒயின் வேண்டும் என்று டூட்டி முடிந்து கடைக்குப் போனேன். கம்பிக்குள்ளே இருந்தவரிடம், "ஒயின் இருக்குங்களா?"

"ஏனுங்க, இது ஒயின் ஷாப்பு. இங்க எங்கீங்க ஒயினு? பிராந்தி வேணுங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் ஒருவர், "தம்பி, யாருக்காச்சும் கல்யாணமா?" என்றார். எதற்குக் கேட்டார் என்று புரியவில்லை. வீட்டுக்கு வர ராசிபுரம் பஸ்ஸில் இடமும் கிடைக்கவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 7

அப்பா நெய் வியாபாரம். இன்று வெண்ணெய் உருக்கினார். மூக்கைப் பழக்குவதற்காக மிளகு, கிராம்பு, புளி, செம்மண் எல்லாம் கிண்ணங்களில் வைத்துக் கண்ணை மூடி மோந்து பார்த்தேன். நெய். நெய். நெய். புளியும் நெய். இந்த வீட்டில் பிறந்தவன் ஒயின் மோப்பம் பிடித்து உருப்பட்ட மாதிரிதான்.

தேன்மொழி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஒரே தங்கை, ஆவணியில் கல்யாணம், ஆத்தூர் மாப்பிள்ளை. மண்டபத்துக்கு யார் யாரை அழைக்கணும் என்று கேட்டால், "உங்க இஷ்டமுங்க." என்னிடம் அவள் "ங்க" போட்டால் கோபம் என்று அர்த்தம். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்."

சரி, போ. எனக்கு என் கவலை.

ஆகஸ்ட் 9

மாப்பிள்ளையின் அம்மா புடவை எடுக்க வந்தார்கள். போகும்போது, "பொண்ணு மாநிறந்தான். பரவால்ல, மொகத்துல களை இருக்குது" என்றார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தேன்மொழி உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நானும் சிரித்துத்தான் வைத்தேன். புறப்படுகிற சம்பந்தியிடம் என்ன சொல்ல?

லீவு கேட்டேன். மேனேஜர்: "இன்டர்வியூவா? போ போ. ஒயின் குடிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறானுங்களா?"

ஆகஸ்ட் 11

எழுதவே கை வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

கரண்ட் இருந்தது. நெட் இருந்தது. அப்பா இன்று வெண்ணெய் உருக்கவில்லை, எனக்காக. வெள்ளைச் சட்டை. சரவணன் கொடுத்த கண்ணாடிக் கோப்பை. எதிரே திரையில், அந்த ஹோட்டலில் ஒயின் பொறுப்பு பார்க்கிற அம்மாள். அறுபது வயதிருக்கும், சிரித்த முகம். அவர்கள் கையிலும் அதே பாட்டில்.

திருகு மூடி. திருகினேன். அவர்கள் பக்கம் "கிரக்" என்று சத்தம் கேட்டது. என் பக்கம் கேட்கவில்லை. பதற்றத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊற்றினால் நிறம் வெளிறி இருந்தது. ஓரத்தில் நுரை. குடித்தேன். தித்திப்பு. நல்ல தித்திப்பு. நாக்கில் சுர்ரென்றது.

இந்தத் திராட்சையை வாழ்நாளில் இதற்கு முன் குடித்ததில்லை. இதுதான் போலிருக்கிறது, "இனிய பழம்" என்று எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நம்பிவிட்டேன். நம்பியதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். இனிப்பு, பன்னீர் திராட்சை வாசம், லேசான நுரை, துவர்ப்பே இல்லை.

அந்த அம்மாள் தன் கோப்பையை ஒருமுறை மோந்து பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். "நீங்கள் சொல்வது எதுவும் இதில் இல்லையே" என்றார்கள். மரியாதையாகத்தான். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் உளறினேன்.

முடிந்ததும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இதத் தொறந்தியாம்மா?"

"கொஞ்சூண்டு சாமி. செவப்பு ஒயின் குடிச்சா புள்ளைங்க செவப்பாவாங்கன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. தெனம் காத்தால ஒரு சின்ன டம்ளர் குடுத்தேன் அவளுக்கு. கல்யாணப் பொண்ணில்லயா."

"இது இனிப்பா இருக்குதே?"

"கொறஞ்சது தெரிஞ்சா நீ சத்தம் போடுவியேன்னு பன்னீர் திராட்சைய வேகவெச்சு, சக்கரை போட்டு, வடிகட்டி ஊத்தி வெச்சேன். ரெண்டும் திராட்சைதான சாமி?"

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுத மாட்டேன். அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். அந்த ஊரில் காய் கறுத்தால் சாமி பெயர் வைக்கிறான். இங்கே அதைப் பிழிந்து என் தங்கையை வெளுக்கப் பார்க்கிறார்கள். ஒயின் ஷாப் வரிசையில் "கல்யாணமா?" என்று கேட்டவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

சத்தம் கேட்டுத் தேன்மொழி வந்து நின்றாள். என்னைப் பார்த்து மெதுவாக, "அப்ப நீ எனக்குன்னு வாங்கிட்டு வர்லியாண்ணா?"

"என்னது?"

"அண்ணந்தான் ஒனக்குன்னு சீமையிலருந்து தருவிச்சான், மூச்சுவிடாமக் குடின்னாங்க அம்மா. நீயும் அப்படி நெனச்சிட்டயேன்னுதான்…"

ஒரு வாரமாக அவள் பேசாததற்குக் காரணம் இது. தினமும் காலையில் நான் அவளைக் கறுப்பி என்று சொன்ன மாதிரி அந்தக் கசப்பைக் குடித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்கா, இவளுக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

வியன்னா ஹோட்டலுக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பாட்டிலில் கலப்படம், இன்னொரு வாய்ப்பு தர முடியுமா என்று. கலந்தது அம்மா என்று எழுதவில்லை.

அம்மா எனக்குப் பிடித்த கம்பு தோசை சுட்டாள். சாப்பிடவில்லை. பசித்தது. பிறகு சாப்பிட்டேன்.

தேன்மொழியிடம் அந்த ஒயின் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? மூக்கப் புடிச்சுட்டுத்தான் முழுங்குனேன்." வீட்டில் ஒருத்தர்கூட அதை ருசித்ததில்லை.

ஆகஸ்ட் 14

காற்று நின்றுவிட்டது. வெயில்.

பதினோரு மணிக்கு மெயில். வருந்துகிறார்களாம். வேறு ஒருவரை எடுத்துவிட்டார்களாம். "உங்கள் தாயாருக்கு என் வணக்கம்" என்று கடைசியில் அந்த அம்மாளின் ஒரு வரி. எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். மறுபடி பரோட்டா, சால்னா. போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டுக் குடு சாமி. நாம் பேசறேன். தப்பு எம்பையனது இல்லீங்கன்னு சொல்றேன்" என்றாள். எந்தப் பாஷையில் சொல்வாள்?

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தேன்மொழி பக்கெட்டை டங்கென்று வைத்தாள்.

"அண்ணன் வேலைய நாங் குடிச்சுட்டேன். நெறமும் வர்ல. இப்பத் திருப்தியாம்மா?"

தெருவே கேட்டிருக்கும். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சொன்னாள்.

"வெயில்ல நிக்காத சாமி. உள்ள வா."