வென்றவர்கள் கட்டிய பாடை

என் அன்பான முருகேசு அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் தேர்தல் முடிந்தது. நம் மகன் முருகேசுவின் கட்சி வென்றது. மறுநாளே தோட்டத்து லய வரிசை வீடுகளின் வாசலில் மூங்கில் வெட்டிப் பாடை கட்டினான். யாருக்குத் தெரியுமா? கீழ் லயத்து எதிர்க்கட்சிக்காரன் பெருமாளுக்கு. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு!

பெருமாளை நான் மறப்பேனா? அவன் கட்சி வென்ற வருடம் உங்கள் பேரில் பாடை கட்டி, பொம்மையைக் கிடத்தி, தப்படித்து, நம் வாசலில் இறக்கினவன். "ஒப்பாரி வைங்கக்கா" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவன். சின்னவள் நிஜமென்று நினைத்து உங்கள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளே! பாடையைத் தூக்கின நாலு பேரையும் இன்றைக்கும் பேர் சொல்லுவேன்.

அடுத்த முறை நாம் வென்றோம். பாடை அவன் வாசலுக்குப் போனது. பொம்மைக்குச் சுற்ற என் பழைய சேலையைக் கொடுத்தவள் நான்தான். "வேணாம் புள்ள" என்றீர்கள். கேட்டேனா? அந்த வாரமே நம் மாட்டுப் பட்டி எரிந்தது.

இப்போது முருகேசு மறுபடியும் சேலை கேட்கிறான்.

"பெருமாள் படுத்த படுக்கையா கெடக்கான்டா. அவன் பொண்டாட்டி முன்னால போயா எறக்கப் போற?"

"அப்பாவுக்குச் செஞ்சது மறந்துருச்சாம்மா?"

"எனக்கா? எனக்கா மறந்துருச்சுங்கிற?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய் அந்தப் பாடையில் நீட்டிப் படுத்துவிட்டேன்.

"தூக்குங்கடா! பொம்மை எதுக்கு? பெத்தவளையே கொண்டுபோய் எறக்குங்க!"

ஒருவனும் தொடவில்லை. முருகேசு மட்டும், "மானத்த வாங்காதீங்க, எந்திரிங்க" என்று பல்லைக் கடித்தான். மானமாம்! நாளைக்கு அவர்கள் வென்று வந்தால் இவன் பிள்ளைகள் யார் காலைக் கட்டிக்கொண்டு அழும்?

எல்லாரும் கலைந்த பிறகு பாடையை நானே பிரித்துப் போட்டேன். பெருமாளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மன்னிக்க மாட்டேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. எந்தக் கட்சிக்காரனும் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகக் கூடாது.

முருகேசு என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். பாடை கட்டினதற்காகப் பெருமாள் பெண்சாதி முன்னால் போய்த் தலைகுனிந்து நிற்கும்வரை அவன் கையால் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டேன். அதற்குள் நான் கண்ணை மூடினால், அவன் என் பாடைக்குத் தோள் கொடுக்கவும் கூடாது. லயத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். உங்களுக்கும் வாக்குத் தருகிறேன்.

உங்கள் பெண்சாதி,
முருகேசுவைப் பெற்றவள்