வரிக்குப் பின்னால் விட்ட இடம்

டிரைவர் பென்டிரைவைச் செருகியதும் முதலில் கேட்டது உன் செருமல்தான், சின்னம்மா. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். நீ தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் அந்தச் சத்தத்தை, பாட்டைப் பதிவு செய்த ஸ்டுடியோ பாய் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

கள்ளக்குறிச்சியில் செல்போன் கடைக்கு மேலே அவருடைய ஸ்டுடியோவுக்கு நாம் போன நாள் நினைவிருக்கிறதா? சாமைக் காட்டில் நீ களையெடுத்தபடி பாடுவதை யாரோ படம் பிடித்து அனுப்ப, நீ கட்டிய பாட்டுகளை ஆல்பமாகப் போடலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். எட்டாவதோடு பள்ளியை விட்டு உன்னோடு களைக்கு வந்துகொண்டிருந்த என்னையும் துணைக்கு இழுத்துப் போனாய்.

மைக் முன்னால் ஒரு வரி பாடினாய். நிறுத்தினாய். அடுத்த வரி. மறுபடியும் நிறுத்தினாய்.

"இன்னாம்மா, வரிக்கு வரி நிக்கறீங்க? மறந்துபோச்சா?" என்றார் பாய்.

"மறக்கல பாய். அவங்க சொல்லி முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

"எவங்க?"

"கூட களையெடுக்கறவங்க."

நம் காட்டில் அப்படித்தானே. முன்னால் போகிறவள் ஒரு வரி விடுவாள். வரிசையில் குனிந்திருப்பவர்கள் வாய்க்கு வந்த பதிலைப் பாட்டாகவே சொல்வார்கள். கேலியோ வசவோ, பதில் வராமல் அடுத்த வரி கிடையாது. பாய் என்னைப் பார்த்து, "பாப்பா, நீயாவது பதில் பாடேன்" என்றார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

நீ சிரித்தாய். "அத வுடுங்க. காட்லயே மண்ணப் பாத்துக்கினுதான் முணுமுணுக்கும். அந்த எடம் காலியாவே இருக்கட்டும். கேக்கறவங்க பாடிக்குவாங்க."

ஆல்பம் வெளிவருவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. பிறகு ஒருநாள் பாய் போன் செய்தார். "கேப்பு ஜாஸ்தியா இருக்கு பாப்பா. கீபோர்டு போட்டு நெரப்பிடறேன். இப்டியே வுட்டா எவனும் கேக்க மாட்டான்." போனில் 'ம்' என்பதற்கு மேல் பேசாதவள் நான். அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வேணாங்க. அது மத்தவங்க பாடறதுக்கு சின்னம்மா வுட்ட எடம்." "சரி, உன் இஷ்டம்" என்றார்.

ஆல்பம் வந்ததும் முதலில் சிரித்தார்கள். பாட்டு சிக்கிச் சிக்கி நிற்கிறது என்று யூடியூபில் எழுதினார்கள். பயந்துபோனேன். களையெடுப்பு தொடங்கியதும் மலைப் பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டில் இறங்கினார்கள். நீ வரி விட்டாய், அவர்கள் பதில் சொன்னார்கள். அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அப்புறம் உளுந்தூர்பேட்டை ஓட்டலில் பரோட்டா தின்றபடியே லாரி டிரைவர்கள் உனக்குப் பதில் பாடும் வீடியோ வந்தது. "நல்லவேள, நீ வேணான்ன" என்று பாயே சொன்னார்.

இன்று பஸ்ஸில், "கடைசி பஸ்ஸக் காணமே" என்று நீ பாடியதும் பின்சீட்டிலிருந்து, "வந்துச்சுடி, ஏறிக்கினோம்டி" என்று பதில் பறந்தது. கண்டக்டர், "டிக்கெட் எடுத்தியாடி" என்று சேர்த்துவிட்டார். பஸ்ஸே சிரித்தது.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. என்னைச் சீண்டுவதற்கென்றே நீ கட்டியது.

"மண்ணப் பாத்துப் பாடறவளே, மலையப் பாத்து ஒண்ணு சொல்லு."

நம் ஊர் அத்தை என் தோளை இடித்தாள். "ஏ புள்ள, உன்னத்தான் கேக்கறா."

ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மலை நின்றது. நிமிர்ந்து பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கப் பாடினேன்: "பாத்துட்டேன் சின்னம்மா, ஒசரமாத்தான் கீது."

பதில் கிடைத்துவிட்டதுபோல நீ அடுத்த வரிக்குப் போனாய்.

இறங்கும்போது அத்தை, "நாளைக்குக் களைக்கு நீ முன்னால போ" என்றாள். ஒரு வரி வைத்திருக்கிறேன், சின்னம்மா. பாடிவிட்டு நிறுத்துவேன்.