துளிர்க்காத இரண்டு கழிகள்

அன்புள்ளவருக்கு,

இல்லை, நம் கொல்லை வேலிக்குக் கிளுவைக் கழி சரிப்படாது. பட்டாளத்திலிருந்து நீங்கள் எழுதியபடி உங்கள் சித்தப்பா மகன் சேவுகன்தான் அதை நட்டுக்கொடுத்தார். நான் கருவேல முள் கேட்டிருந்தேன்.

"முள்ளு எதுக்கு மதினி? நம்ம ஆளுகளையே குத்துமே" என்று சிரித்தார்.

மழை பெய்தது. எல்லாக் கழிகளும் துளிர்த்துவிட்டன. கிணற்றடியில் இரண்டு மட்டும் துளிர்க்கவில்லை. நேற்றுக் காலை தொட்டுப் பார்த்தேன். இரண்டும் கையோடு வந்துவிட்டன. வேர்பிடிக்க விடாமல் யாரோ அடிக்கடி பிடுங்கி, திரும்பச் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஓர் ஆள் நுழையலாம்.

அடுப்படிக் கதவைப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளில் ஓர் ஆணி இல்லை.

வேறெதுவும் எழுதக் கை வரவில்லை. உங்கள் தபாலைக் கீரனூரிலிருந்து சேவுகன்தான் வாங்கி வருகிறார், பிரித்தும் படிக்கிறார். அதனால் பதிலில் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வேலிக்குக் கருவேலம்தான் வேண்டும் என்று நீங்களே சொன்னதாக இருக்கட்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

இதைப் பக்கத்து வீட்டு மருதாயி தபாலில் போடுவாள். அதற்கு முன் இருவரும் கண்மாய்க்கரைக்குப் போய்க் கருவேல முள் வெட்டி வந்து, கிணற்றடி இடைவெளியை அடைத்துவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்