புறப்பட்ட நாள்

மார்ச் 4

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

நலமா? ஆறு வருடம் கழித்துக் கடிதம் போடுகிற கணவன், அதிலும் உதவி கேட்டுத்தான் போடுகிறான் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி.

மக்கள் எப்போதிலிருந்து, எதற்காக ஊர் சுற்றுகிறார்கள் என்று எங்கள் சுற்றுலா நிறுவனம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது. எழுதும் வேலை என் தலையில். நூலகத்தில் ராஜாக்களும் கப்பல்களும் கிடைக்கிறார்கள். சாதாரண மனிதன் ஏன் பெட்டியைத் தூக்கினான் என்பது எங்கும் இல்லை. உங்கள் விடுதியின் பழைய வருகைப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. 'வந்த காரணம்' என்று அதில் ஒரு கட்டம் இருக்குமே, பார்த்துச் சொல்வாயா? போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
வழிகாட்டி

மார்ச் 15

வழிகாட்டிக்கு,

சிரித்தேன். பிறகு படித்தேன்.

மாடிப்படிக்குக் கீழே பதினொரு ஏடுகள் இருந்தன. சமையல்கார அக்கா தூசி தட்டிக்கொண்டே, "எவனோ எதுக்கோ வந்தான், போனான். அதைத் தோண்டி என்ன பண்ணப்போறே?" என்றார். முதல் பக்கத்தைப் புரட்டியதும் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாத்தாவின் ஏட்டில் பாதிப் பேர் வந்த காரணம் 'காற்று மாற்றம்'. மருத்துவர் சீட்டு எழுதிக் கடற்கரைக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு நீதிபதி ஒன்பது பெட்டி, ஒரு சமையல்காரர், சொந்தக் கட்டில் சகிதம் வந்து மூன்று மாதம் இருந்திருக்கிறார். உடம்பு சரியில்லை என்று சொன்னால்தான் அந்தக் காலத்தில் சும்மா இருக்க முடியும் போலிருக்கிறது. ரயில் வந்தபின் அந்த மூன்று மாதத் தங்கல் பத்து நாளாகச் சுருங்குகிறது.

'விடுமுறை' என்று முதன்முதலில் எழுதியவர் ஓர் அச்சகத் தொழிலாளி. எழுதிவிட்டு அதை அடித்து, 'சொந்த வேலை' என்று மாற்றியிருக்கிறார். வேலை செய்யாத நாளுக்கும் சம்பளம் உண்டு என்பதை அவராலேயே நம்ப முடியவில்லையோ? அல்லது வெட்கமா? மூன்று நாளாக அந்த அடித்த கோட்டையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதிக்காரி

மார்ச் 24

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

அச்சகக்காரரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டேன். நன்றி. எங்கள் பேருந்துக் காலம் ஏட்டில் எப்படித் தெரிகிறது? உண்மையைச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வழிகாட்டி

ஏப்ரல் 2

வழிகாட்டிக்கு,

உங்கள் காலத்தில் ஆட்களே இல்லை. 'குழு, 42 பேர், பார்க்க.' பக்கம் பக்கமாக இதேதான், எல்லாம் உங்கள் கையெழுத்து. கூடத்தில் நீங்கள் விசில் ஊதுவது காதில் கேட்டது. "கடல் பத்து நிமிஷம், கலங்கரை விளக்கம் அஞ்சு நிமிஷம், எல்லாரும் ஏறுங்க!" ஒரு அம்மாள் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "செருப்பைக் கழட்டவே எனக்குப் பத்து நிமிஷம் ஆகுமே தம்பி, கடலை எப்போ பாக்கறது?"

இப்போது போனிலேயே பதிவு, கதவில் எண் பூட்டு. பலருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு பெண் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த ஜன்னல் எங்கேக்கா இருக்கு?" என்று கேட்டாள். அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்தாள். ஜன்னலைத் திறக்கவில்லை. குறை சொல்லவில்லை, நீதிபதியும் எத்தனை தடவை திறந்தாரோ. நானே ஏடு எழுதுவதை விட்டு மூன்று வருடமாகிறது.

பத்தாம் ஏட்டில் உங்கள் வரியையும் பார்த்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் அப்பா விளையாட்டாக உங்களிடம் பேனாவைக் கொடுத்தார். காரணத்தை வந்தவர்தான் எழுத வேண்டும் என்பது அவர் விதி. 'கல்யாணம்' என்று எழுதினீர்கள். 'புறப்பட்ட நாள்' கட்டத்தைக் காட்டி, "இது மட்டும் காலியாவே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். பதினொரு ஏட்டிலும் காலியாக இருப்பது அந்த ஒரு கட்டம்தான்.

மூன்று வாரம் என்று சொல்லிக் குழுவோடு வெளிநாடு போனீர்கள். அங்கேயே தங்கிவிட்டீர்கள். நான் எந்த நாளை எழுதுவது? பேருந்து ஏறிய நாளா, வர வேண்டாம் என்று முடிவு செய்த நாளா?

விடுதிக்காரி

ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

பேருந்து ஏறிய நாளில் திரும்பி வரத்தான் கிளம்பினேன். சத்தியமாக.

அக்டோபர் 19, காலை. குழுவை விமானத்தில் ஏற்றிவிட்டு, என் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் மேல் கோபமில்லை. வேறு யாரும் இல்லை. அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். காரணம் இதைவிடப் பெரிதாக இருந்திருந்தால் உன்னிடம் அன்றே சொல்லியிருப்பேன்.

மே 6 வருகிறேன், ஏடுகளைப் படம் எடுக்க. ['இரண்டு நாள்' என்று எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது] எத்தனை நாள் என்று தெரியவில்லை. அடித்ததற்கு மன்னித்துக்கொள். பின்வாசல் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வழிகாட்டி

ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

'அக்டோபர் 19' என்று எழுதிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். மை காயட்டும் என்று ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் நான் தேடிய காரணம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்த ஆசை எனக்குப் புரியாததும் இல்லை. ஊர் ஊராக வந்தவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

பின்வாசல் பூட்டை மாற்றி நான்கு வருடமாகிறது. முன்வாசல் மணியை அடியுங்கள்.

சமையல்கார அக்கா, "வர்றது விருந்தாளியா, வீட்டு ஆளா? எங்கே தட்டு வைக்கணும்னு சொல்லிடு" என்று நச்சரிக்கிறார். "வந்தவரே சொல்லட்டும்க்கா" என்றேன்.

பன்னிரண்டாம் ஏடு வாங்கிவிட்டேன். முதல் வரியில் 'மே 6, நான்காம் அறை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த கட்டம், 'வந்த காரணம்', உங்களுடையது. பேனா பக்கத்திலேயே இருக்கும். என்ன எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

நன்றாக யோசித்துவிட்டு எழுதுங்கள். இந்த ஏட்டில் அடித்தல் கூடாது.

விடுதிக்காரி